ஜொச்சூ முதல் கஜி ஷியோனின் வரை: ஜப்பானிய வீட்டுப் பணியாளரும் சொற்களும்

தனிஸாகி ஜுன்இச்சிரோ 1962இல் ‘ஸண்டே மைனிச்சி’ வார இதழில் ‘தைதொகொரோ தைஹேகி’ என்னும் தொடர்கதையை எழுதத் தொடங்கினார். வசதியான ஓர் எழுத்தாளர் வீட்டு அடுக்களைக்கு 1930களிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வேலைக்கு வந்துபோன இளம்பெண்களின் கதை அது. கதைக்குள் நுழையும்போதே கதைசொல்லிக்கு ஒரு சங்கடம். அந்தப் பெண்களை ‘ஜொச்சூ’ என்று சொல்லக் கூடாத காலம் வந்துவிட்டது. ‘ஒதெத்சுதாய் சான்’ என்று சொல்ல வேண்டும், பெயரோடு மரியாதை விகுதியும் சேர்க்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் பழைய காலத்துக்குள் போகிறார். அப்போது தனிஸாகிக்கு 76 வயது. அவர் பிறந்த 1886இல் அதே வேலையைச் செய்தவளுக்கு ‘கெஜோ’ என்று பெயர். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் மூன்று சொற்கள்.

இழிவாகப் பட்ட சொல் கழிந்து மரியாதையான சொல் வந்தது என்று இந்த மாற்றத்தை விளக்குவது வழக்கம். அது பாதி உண்மைதான். ஜப்பானில் வீட்டு வேலை செய்பவரைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் வேறு சில செய்திகள் இருக்கின்றன: அவர் இரவில் எங்கே தூங்குகிறார், சம்பளத்தை யாரிடம் வாங்குகிறார், அவருக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு. இவற்றைப் பாராமல் மரியாதையை மட்டும் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தால், எழுதுகிறவர் அந்தப் பெண்ணின் நிலையையே மாற்றி எழுதிவிடுகிறார். பேச்சிலும் பத்திரிகையிலும் சொற்கள் மாறிக்கொண்டே இருந்த காலத்தில், சட்டத்தில் உள்ள ஒரு சொல் மட்டும் 1947 முதல் அசையாமல் இருக்கிறது. அதன் விலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் பழைய சொற்கள்.

‘கெஜோ’ என்பதை எழுத்துக்கு எழுத்துப் பிரித்தால் ‘கீழ்ப்பெண்’. மெய்ஜிக்கு முந்தைய எடோ காலத்து நகர வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் இறைப்பது, சோறாக்குவது, துவைப்பது எல்லாம் அவள் பாடு. ஆணாக இருந்தால் ‘கெனான்’. மெய்ஜி கால இலக்கியத்தில் இந்தச் சொல் எந்தக் கூச்சமும் இல்லாமல் வருகிறது. ஹிகுச்சி இச்சியோ 1894இல் எழுதிய ‘ஓத்சுகொமொரி’ கதையின் ஒமினே ஒரு கெஜோ. நோயில் கிடக்கும் மாமனின் கடனுக்காக எசமானியிடம் 2 யென் முன்பணம் கேட்கிறாள். தருவதாகச் சொன்ன எசமானி ஆண்டின் கடைசி நாளில் கைவிரித்துவிட, இழுப்பறையிலிருந்து இரண்டு ஒரு யென் தாள்களை எடுத்துவிடுகிறாள். அந்த வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. கடைசிவரை அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கதை. இச்சியோ வறுமையை அருகிலிருந்து அறிந்தவர். கெஜோ என்ற சொல்லின் முழு எடையும் அவருக்குத் தெரியும்.

நத்சுமே சோசெகியின் ‘பொச்சான்’ (1906) நாவலில் வரும் கியோவும் கெஜோதான். ஷோகன் ஆட்சி கவிழ்ந்தபோது நொடித்துப்போன நல்ல குடும்பத்தில் பிறந்தவள். பிழைப்புக்காக வேலைக்கு வந்து கிழவியானவள். பெற்றோரும் அண்ணனும் ஒதுக்கிய பையனை அவள் ஒருத்திதான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறாள். அவனை அவள் அழைக்கும் ‘பொச்சான்’தான் நாவலின் பெயர். நம்மூர்ச் ‘சின்னய்யா’வின் குழைவும் பணிவும் அதில் இருக்கின்றன. அவனோ அவளை வெறும் ‘கியோ’ என்றுதான் அழைக்கிறான், கெஜோ என்றுதான் வாசகருக்கு அறிமுகப்படுத்துகிறான். நாவலில் அவன் உண்மையாக நேசிக்கும் ஒரே ஆளும் அவளே. அன்பும் ஏற்றத்தாழ்வும் ஒரே சொல்லில் கிடப்பதுதான் அந்தக் காலத்தின் உண்மை. இதைத் தமிழில் தரும்போது இன்றைய கூச்சத்தை வைத்துக் ‘கெஜோ’வைப் ‘பணிப்பெண்’ என்று மெழுகினால் சோசெகியின் நாவல் பலவீனப்படும். ‘வேலைக்காரி’ என்ற சொல்தான் அங்கே நேர்மையானது என்பது என் கருத்து. சொல்லைச் சரிசெய்ய வேண்டிய இடம் நாம் நம் குரலில் எழுதும் கட்டுரை. கதைமாந்தரின் வாய் அதற்கு இடமில்லை.

‘ஜொச்சூ’வின் கதை வேறு. அது மேலிருந்து கீழே இறங்கிய சொல். முதலில் அது பெண்களைக் குறித்த மரியாதைச் சொல்லாகவும், அரண்மனையிலும் பிரபுக்களின் மாளிகையிலும் பணிபுரிந்த உயர்குடிப் பெண்களின் பட்டமாகவும் இருந்தது. எடோ கோட்டையின் அந்தப்புரமான ஓஒகுவில் ஷோகனின் குடும்பத்தைச் சூழ்ந்திருந்தவர்களும் ஜொச்சூக்களே. அவர்களுக்குள் பல படிகள். உச்சியில் இருந்தவர்களுக்கு அரசியல் செல்வாக்கே இருந்தது. 1714இல் நாடகக் கொட்டகைக்குப் போய்க் கோட்டைக்குத் தாமதமாகத் திரும்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஷினானோ நாட்டின் தகதோவுக்கு நாடு கடத்தப்பட்ட எஜிமா அப்படிப்பட்ட ஒருவர். அவர் விவகாரத்தில் ஏராளமானோர் தண்டிக்கப்பட்டார்கள். இத்தனை உயரத்தில் இருந்த சொல்லைப் பின்னாளில் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கெஜோவுக்குச் சூட்டின. மெய்ஜியின் பிற்பகுதியிலும் தைஷோ காலத்திலும் ‘கெஜோ’ மங்கி ‘ஜொச்சூ’ பரவியது. சொல் உயர்ந்தது, வேலையும் சம்பளமும் படுக்கும் இடமும் அப்படியே இருந்தன. முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்த வேலையின் தாழ்வு சொல்லையும் கீழே இழுத்துவிட்டது.

எத்தனை பெண்கள்? 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 7 லட்சம். வேளாண்மைக்கு வெளியே பெண்களுக்கு வேலை தந்தவற்றில் நெசவாலைகளுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. பெரும்பாலோர் கிராமத்து விவசாயக் குடும்பங்களின் பெண்கள். தொடக்கப் பள்ளியை முடித்ததும் வந்தவர்கள். திருமணத்தோடு திரும்பிப் போனவர்கள். வேலையென்று சொல்லாமல் ‘க்யோகி மினராய்’, அதாவது நடை உடை பாவனை கற்கும் பயிற்சி, என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. நல்ல வீட்டில் சில வருடங்கள் இருந்து வந்தவளுக்குச் சமையலும் தையலும் பேச்சும் தெரியும், வரன் எளிதாக அமையும் என்பது கணக்கு. நகஜிமா க்யோகோவுக்கு 2010இல் நவோகி பரிசு பெற்றுத் தந்த ‘சீசாய் ஒஊச்சி’ நாவலில் யமகதாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஜொச்சூவாக இருந்த தகி, முதுமையில் அந்த நாள்களை எழுதுகிறாள். அவளுக்குத் தன் வேலையைப் பற்றிப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை இன்றைய இளைஞனால் புரிந்துகொள்ள முடிவதில்லை. அடிமைத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் தகியைப் படிக்க வேண்டும். ஆனால் தகியின் பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த அமைப்பைப் போற்றுகிறவர்களுக்கு அக்கால வீட்டு வரைபடத்தைக் காட்ட வேண்டும். வடக்குப் பக்கம், அடுக்களையை ஒட்டி, வெயில் எட்டிப் பார்க்காத ‘ஜொச்சூ பெயா’. இரண்டு அல்லது மூன்று ததாமிப் பாய் அளவு, அவ்வளவுதான். வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. கூப்பிடும் தூரத்தில் இருப்பதே வேலை.

இன்னும் சிறியவர்களும் இருந்தார்கள். குழந்தையைச் சுமக்க வந்த குழந்தைகளுக்குக் ‘கொமொரி’ என்று பெயர். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடந்த இந்தச் சிறுமிகளின் பாடல்கள்தான் கியூஷூவின் இத்சுகி போன்ற ஊர்களின் புகழ்பெற்ற தாலாட்டுகள். அவற்றில் குழந்தையைத் தூங்கவைக்கும் கனிவைவிட வீட்டு ஏக்கமும் மனக்குறையுமே மேலோங்கும். என்.எச்.கே. 1983இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஒஷின்’ தொடரின் நாயகி ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக மரவியாபாரி வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அந்தத் தொடரின் சராசரிப் பார்வையாளர் விகிதம் 52.6 சதவீதம். பாதி நாடு தன் பாட்டியின் கதையாக அதைப் பார்த்தது. அங்கே வழங்கும் சொல் ‘ஹோகோ’: ஊழியத்துக்குப் போவது. ஒஷினை ஜொச்சூ என்று மொழிபெயர்ப்பது தவறு. ஜொச்சூவுக்குச் சம்பளம் உண்டு. ஹோகோவுக்குப் போன பிள்ளையின் ஈட்டுத்தொகை முன்கூட்டியே பெற்றோர் கையில் போய்ச் சேர்ந்துவிடும்.

வீட்டுக்குள் கூப்பிடும் சொற்கள் தனி. இளையவள் ‘நேயா’, முதியவள் ‘பாயா’: அக்கா, பாட்டி என்னும் உறவுச் சொற்களின் திரிபுகள். மிகி ரோஃபூ 1921இல் எழுதி, யமதா கோசாகு 1927இல் இசையமைத்த ‘அகதொம்போ’ ஜப்பானியர் எல்லோருக்கும் தெரிந்த பாடல். சிறுவனாக இருந்த கவிஞரை முதுகில் சுமந்து மாலை வெயிலில் தும்பியைக் காட்டியவள், பதினைந்து வயதில் மணமாகிப் போய்விட்ட ஒரு நேயா. இன்றைய ஜப்பானியப் பிள்ளைகள் பலர் நேயாவைக் கவிஞரின் சொந்த அக்கா என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி அந்தப் பாட்டில் இருக்கிறாள் என்பதே மறைந்துவிட்டது. உறவுச் சொல்லால் அழைப்பதன் இரண்டு முகங்களும் இதில் தெரிகின்றன. அழைக்கும்போது அது நெருக்கம் தருகிறது. காலம் கழிந்தபின் அவள் செய்த உழைப்பை அதுவே அழித்துவிடுகிறது.

பெயரைப் பறிப்பதும் உண்டு. பூனை கதைசொல்லியாக வரும் சோசெகியின் நாவலில் அடுக்களைக்காரி ‘ஒசான்’. அது அந்த வேலைக்கே வழங்கிய பொதுப்பெயர். சமையலறை வேலைக்கு ‘ஒசான்தொன்’ என்ற சொல் வந்ததும் அந்த வழியில்தான். தனிஸாகியின் ‘சசமேயுகி’யில் வரும் வேலைக்காரப் பெண் ‘ஒஹாரு தொன்’. கோதா ஆயா 1955இல் எழுதி, மறு ஆண்டே நருசே மிகியோ படமாக்கிய ‘நகரேரு’வில், ரிகா என்னும் விதவை ஒரு கெய்ஷா வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். அவள் பெயர் கூப்பிட வசதியாக இல்லை என்று எசமானி அவளுக்கும் ‘ஒஹாரு’ என்று பெயர் வைக்கிறாள். ‘தைதொகொரோ தைஹேகி’யிலும் பெண்கள் வேறு பெயரில்தான் அழைக்கப்படுகிறார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைச் சொல்லி ஏவுவது அவர்களை அவமதிப்பதாகும் என்பது மேற்கு ஜப்பானிய வீடுகளின் பழைய நியாயம். அந்த நியாயத்தில் ஒரு மென்மை இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் புதுப்பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எப்போதும் ஒரு பக்கமே இருந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் ஒஹாருவைச் சொந்தப் பெயர்போல அப்படியே எழுதிவிடுகிறார்கள். ‘நகரேரு’வில் அது முடியாது, ரிகா தன் பெயரை இழப்பது கதையின் நரம்பு.

போருக்குப் பின் இருபதே ஆண்டுகளில் இந்த உலகம் காணாமல் போனது. பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தொழிற்சாலைகளும் கடைகளும் மொத்தமாக அழைத்துக்கொண்டன. 1954 முதல் அவர்களுக்கென்றே வடக்கிலிருந்து டோக்கியோவின் உஎனோவுக்குத் தனி ரயில்கள் வந்தன. ஆலையில் வேலை நேரம் உண்டு, விடுமுறை உண்டு, கூடப் பேசச் சக வயதுப் பெண்கள் உண்டு. யாராவது மூன்று பாய் அறைக்குத் திரும்புவார்களா? இன்னொரு பக்கம், 1955இல் தொடங்கப்பட்ட ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் ஜொச்சூ பெயாவுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. சம்பளக்காரக் கணவன், முழுநேர இல்லத்தரசி, இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பம் நாட்டின் மாதிரியானது. ஜொச்சூ செய்த வேலை அனைத்தையும் இல்லத்தரசி தலையில் ஏற்றியபின், மீந்த பணக்கார வீடுகளில் இருந்தவர்களுக்கு வந்த பெயர்தான் ஒதெத்சுதாய் சான். ‘தெத்சுதாவு’ என்றால் ஒத்தாசை செய்வது. முன்னால் ஒரு மரியாதை எழுத்து, பின்னால் ஒரு மரியாதை விகுதி. பத்திரிகைகளின் நடைக் கையேடுகள் இன்றும் ஜொச்சூவைத் தவிர்த்து இந்தச் சொல்லைப் போடச் சொல்கின்றன.

எனக்கு இந்தச் சொல்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. ஆள் பற்றாக்குறையான காலத்தில் எசமானிகளுக்குப் பிறந்த பணிவு அதில் இருக்கிறது, மரியாதை உண்மையானதுதான். ஆனால் ஒத்தாசை என்றால் வேலை யாருடையது? இல்லத்தரசியுடையது, வந்தவர் கைகொடுக்கிறார், அவ்வளவே. காலை முதல் இரவு வரை முழு வீட்டையும் தாங்கிய ஒருவரின் உழைப்பை அது துணைவேலை ஆக்குகிறது. சம்பளம், நேரம், ஒப்பந்தம் பற்றிய பேச்சையும் கூச்சத்துக்குரியதாக்குகிறது. ஒத்தாசைக்கு யாராவது மணிக்கணக்குப் பார்ப்பார்களா? இதே வினைச்சொல்லில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ‘கஜி தெத்சுதாய்’ என்று பார்த்தவுடன் வீட்டு வேலையாள் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. வெளியே வேலைக்குப் போகாமல் பெற்றோர் வீட்டில் இருக்கும் திருமணமாகாத மகளைச் சொல்லும் மங்கலமான சொல் அது. அவளுக்கு வேறொரு ஒஹாரு சோறு போடும் வீடாகவும் அது இருக்கலாம்.

இனி ‘கசேஃபு’. இதன் வேர் 1918இல் டோக்கியோவில் தொடங்கிய ‘ஹஷுத்சுஃபு’ சங்கங்களில் இருக்கிறது. முதல் உலகப்போரின் தொழில் வளர்ச்சியில் பெண்கள் ஆலைகளுக்குப் போக, ஜொச்சூ கிடைக்கவில்லை என்பதே நடுத்தர வீடுகளின் ஓயாத புலம்பலாக இருந்தது. அந்த நேரத்தில் நாள் கணக்கில் வீடுகளுக்கு அனுப்பிவைக்கப்பட்ட வயதுவந்த பெண்கள்தான் ஹஷுத்சுஃபு: விதவைகள், மணமுறிவு பெற்றவர்கள், குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்கள். ஜொச்சூ பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகும் வழியில் இருந்தவள். ஹஷுத்சுஃபுவுக்கு அதுவே தொழில். வேலை முடிந்தால் அவர் போய்விடுவார். என் பார்வையில் ஜப்பானிய வீட்டு வேலையின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இது. சொல்லும் அதை ஒளிக்காமல் சொன்னது: ‘அனுப்பப்பட்ட பெண்’.

1947இல் இரண்டு சட்டங்கள் வந்தன. வேலைவாய்ப்புப் பாதுகாப்புச் சட்டம், ஆள்களைத் தன்வசம் வைத்து வாடகைக்கு விடுவதுபோல அனுப்பும் தொழிலைத் தடைசெய்தது. சுரண்டும் தரகர்களை ஒழிப்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். அதன் விளைவாக ஹஷுத்சுஃபு சங்கங்கள் ‘கசேஃபு ஷோகாய்ஜோ’க்களாக, அதாவது அறிமுகம் மட்டும் செய்துவைக்கும் இடங்களாக, உருமாறின. இனி அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்தவர் அந்த நிறுவனமில்லை. அவர் போய்ச் சேரும் வீடுதான். இரண்டாவது சட்டம் தொழிலாளர் தரநிலைச் சட்டம்: எட்டு மணி நேரம், ஓய்வு, கூடுதல் நேர ஊதியம். இதில் ஒரு விலக்கு இருந்தது. உடன் வாழும் உறவினரை மட்டும் வைத்து நடத்தும் தொழிலுக்கும் ‘கஜி ஷியோனின்’களுக்கும், அதாவது வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களுக்கும், இச்சட்டம் பொருந்தாது. இன்றைய சட்டத்தில் அது 116ஆம் பிரிவு. வீடு அந்தரங்கமான இடம், அதற்குள் அரசு நுழையலாகாது என்பது காரணம். ஒரு சட்டம் அவரை வீட்டின் ஆளாக்கியது. இன்னொன்று வீட்டின் ஆளுக்குக் கதவை மூடியது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் கசேஃபு என்ற சொல்லின் உள்ளடக்கம் பிடிபடாது.

ஒகவா யோகோவின் ‘ஹகாசே நோ ஐஷிதா சூஷிகி’ (2003) நாவலைத் தமிழில் கொண்டுவர நினைப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும். அதன் கதைசொல்லி ஒரு கசேஃபு, தனியாக மகனை வளர்ப்பவர், ஒரு கசேஃபு அறிமுகச் சங்கத்தின் மூலம் பேராசிரியர் வீட்டுக்கு வருகிறவர். அவருக்கு அந்த வேலையில் திறமையும் செருக்கும் உண்டு. ‘வேலைக்காரி’ என்றால் மட்டமாகிவிடும். ‘பணிப்பெண்’ என்றால் அரண்மனை வாடை வரும். ‘வீட்டுப் பராமரிப்பாளர்’ என்பது ஓரளவு ஒத்துவரும், ஏனென்றால் ‘கசே’ என்பது இல்லத்தை நிர்வகிப்பது. அவர் அந்தக் குடும்பத்தின் நிரந்தர ஆளில்லை, முந்திய பலரைப் போலவே எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படக் கூடியவர் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும். தொலைக்காட்சி கசேஃபுவுக்கு வேறொரு முகம் தந்தது. இச்சிஹாரா எத்சுகோ நடித்த ‘கசேஃபு வ மிதா’ 1983 முதல் 2008 வரை ஓடியது. பணக்கார வீடுகளின் ரகசியங்களைக் கதவிடுக்கில் பார்ப்பவர் அதன் நாயகி. அதே ஒலியைப் பெயராக்கி 2011இல் வந்த ‘கசேஃபு நோ மிதா’வின் கடைசிப் பகுதியை 40 சதவீத வீடுகள் பார்த்தன. ‘ஃபு’ என்னும் கடைசி எழுத்து பெண்ணைக் குறிப்பது. செவிலியருக்கு இருந்த அதே பெண்பால் எழுத்து 2002இல் சட்டப்படி நீக்கப்பட்டு இருபாலுக்கும் பொதுவான பெயர் வந்தது. கசேஃபுவுக்கு அந்தச் சட்ட மாற்றம் நடக்கவில்லை. 2016இல் ‘கசேஷி’ என்ற தகுதித் தேர்வு தொடங்கியிருக்கிறது; ஆனால் தெருவில் இன்னும் கசேஃபுதான்.

2015 மே மாதம் டோக்கியோவில் 68 வயதுக் கசேஃபு ஒருவர், மறதிநோயோடு படுக்கையில் இருந்த மூதாட்டியின் வீட்டில் ஒரு வாரம் தங்கி வேலை பார்த்தார். பராமரிப்பும் அவர்தான், சமையலும் துப்புரவும் அவர்தான். இரவில் எழுந்து அணையாடை மாற்றுவதும் அவர்தான். வேலை முடிந்து போனவர் குளியலகம் ஒன்றில் மயங்கி விழுந்து இறந்தார். மிகை உழைப்பால் நேர்ந்த சாவு என்று கணவர் இழப்பீடு கேட்டார். தொழிலாளர் அலுவலகம் மறுத்தது. 2022 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமும் மறுத்தது. பராமரிப்பு வேலை அவரை அனுப்பிய நிறுவனத்தின் வேலை, ஆகவே அது கணக்கில் வரும். சமையலும் துப்புரவும் அந்த வீட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தம், அதைச் செய்தபோது அவர் கஜி ஷியோனின், ஆகவே அந்த நேரம் கணக்கில் வராது. இதுதான் நீதிமன்றத்தின் வாதம். ஒரே உடம்பு, ஒரே நாள், ஒரே வீடு. பாத்திரம் கழுவிய கையையும் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்த கையையும் சட்டம் இரண்டாகப் பிரித்தது. 2024 செப்டம்பரில் டோக்கியோ உயர் நீதிமன்றம் இதைத் திருத்தியது. இரண்டு வேலைகளுக்கும் அந்த நிறுவனமே அவரை அமர்த்தியது, இரண்டும் ஒரே பணி என்று சொல்லி, அந்த ஒரு வாரத்தில் அவர் 105 மணி நேரம் உழைத்ததாகக் கணக்கிட்டு, சாவைப் பணிசார்ந்ததாக ஏற்றது.

இந்தத் தீர்ப்பு எனக்கு மிகப் பெரிய ஆறுதல் தந்தது. ஆனாலும் அதைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும்: அவர் கஜி ஷியோனின் இல்லை என்று காட்ட முடிந்ததால்தான் வெற்றி கிடைத்தது. கஜி ஷியோனின்களை வெளியே நிறுத்தும் பிரிவு அப்படியே இருக்கிறது. ‘ஷியோனின்’ என்றால் அமர்த்தப்பட்டவர், பயன்படுத்தப்படுபவர். அதே சட்டம் மற்ற எல்லோரையும் ‘ரோதோஷா’, தொழிலாளர், என்கிறது.

சொல்லால் ஏற்படும் இந்தப் பிளவு இன்றைய நகரங்களில் விசித்திரமான காட்சிகளை உண்டாக்குகிறது. ‘கஜி தைக்கோ’ நிறுவனங்கள், அதாவது வீட்டு வேலையைப் பதிலாகச் செய்துதரும் நிறுவனங்கள், தங்கள் ஊழியர்களை மணிக்கணக்கில் வீடுகளுக்கு அனுப்புகின்றன. அவர்களுக்கு முதலாளி நிறுவனம். நிறுவனத்தின் கட்டளைப்படி வேலை செய்வதால் அவர்கள் கஜி ஷியோனின் இல்லை என்று தொழிலாளர் நல அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது. ஆக, ஒரே அடுக்குமாடியின் பக்கத்து வீடுகளில் ஒரே தரையைத் துடைக்கும் இருவரில் ஒருவருக்குச் சட்டம் உண்டு, மற்றவருக்கு இல்லை. 2015இல் சட்டம் திருத்தி 2017 முதல் கனகாவா, டோக்கியோ, ஒசாகா ஆகிய சிறப்பு மண்டலங்களில் வெளிநாட்டவரைச் சேர்த்தபோது அரசு தந்த பெயர் இன்னொன்று: ‘கஜி ஷியென்’, வீட்டு வேலை ஆதரவு. பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். வீட்டார் நேரடியாக அமர்த்த முடியாது, நிறுவனம்தான் முதலாளி. வேலை செய்யும் வீட்டில் தங்கவும் கூடாது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நடப்பதைப் பார்த்து எச்சரிக்கையோடு வகுத்த விதிகள் இவை, பாராட்ட வேண்டியவை. அதே வேளையில், உயர்திறன் பெற்ற வெளிநாட்டு வல்லுநர் தன்னோடு அழைத்துவரும் பெண்ணுக்குக் குடியேற்ற விதியில் உள்ள பெயர் பழைய கஜி ஷியோனின்தான். மாதம் 2 லட்சம் யென்னுக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது நுழைவு அனுமதியின் நிபந்தனை. தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் காப்பு இல்லை.

‘மெய்தோ’ என்ற இரவல் சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் அகிஹபராவில் முதல் மெய்தோ காப்பிக் கடை திறந்த பின் அந்தச் சொல் உடையலங்காரமாகிவிட்டது. யோகொஹாமா, கோபெ துறைமுகங்களில் வெள்ளையர் வீடுகளில் குழந்தை பார்த்த பெண்களுக்கு ‘அமா’ என்ற பெயர் இருந்தது. போர்ச்சுகீசியரின் ‘அம’ கிழக்குத் துறைமுகங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல் அது. நம் ‘ஆயா’வும் போர்ச்சுகீசியரின் இன்னொரு சொல்லான ‘அயா’விலிருந்து அதே கடல்வழியில் வந்தது. ஹாங்காங்கில் குடியிருக்கும் ஜப்பானியர் ‘அமா சான்’ என்று சொல்வதை இன்றும் கேட்கலாம்.

ஆகவே எதைத் தேர்வது? கட்டுரையிலும் கோரிக்கையிலும் சட்ட விவாதத்திலும் நான் ‘கஜி ரோதோஷா’வையே எடுத்துக்கொள்வேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையின் ஜப்பானியப் பெயரில் உள்ள சொல் அது. ஜப்பான் அதற்கு வாக்களித்தது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இச்சொல்லுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1955இல் ‘ஃபுஜின் கோரோன்’ இதழில் தொடங்கிய இல்லத்தரசி விவாதம் முதலே ‘கஜி ரோதோ’ என்றால் ஜப்பானிய வாசகர் மனத்தில் முதலில் வருவது மனைவியின் சம்பளமில்லாத உழைப்பு. 2016இல் வந்த ‘நிகேரு வ ஹஜிதகா யகு நி தத்சு’ தொடர் இந்த இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாக முடிச்சிட்டது: வீட்டு வேலைக்கு வந்த பெண்ணையே ஒப்பந்த மனைவியாக்கிச் சம்பளம் கொடுப்பவன், காதல் வந்தபின் சம்பளத்தை நிறுத்த நினைக்கும்போது அவள் அதை அன்பின் பெயரால் நடக்கும் சுரண்டல் என்று கேள்வி கேட்கிறாள். ஆகவே கஜி ரோதோஷா என்று எழுதுகிறவர் ‘அமர்த்தப்பட்ட’ என்ற அடையைச் சேர்ப்பது நல்லது. வீட்டில் நேரில் பேசும்போது அவருடைய குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்தால் போதும். வேறு எந்தப் பட்டமும் அதைவிட மேலானதில்லை.

சட்டத்தின் சொல்தான் மீதி. சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகம் 2024 பிப்ரவரியில் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. வேலையின் விவரம், நேரம், ஊதியம் ஆகியவற்றை எழுத்தில் தரச் சொல்லும் அந்த ஏட்டின் தலைப்பிலும் கஜி ஷியோனின் என்றே இருக்கிறது. மீறினால் தண்டனை கிடையாது. 2025 ஜனவரியில் அமைச்சகத்தின் ஆய்வுக் குழு, இவர்களுக்கும் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தைப் பொருத்தும் திசையில் ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 116ஆம் பிரிவிலிருந்து இரண்டு சொற்களை அடித்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு ரோதோஷா யாரென்று வரையறுக்கிறது: தொழில் ஒன்றிலோ அலுவலகத்திலோ அமர்த்தப்பட்டு ஊதியம் பெறுபவர். ஒரு குடும்பத்தின் அடுக்களை ‘தொழில்’ ஆகுமா, அங்கே வேலைக்கு வைத்த எண்பது வயது மூதாட்டியை முதலாளி என்று பிடித்து மிகைநேர வேலைக்குத் தண்டிக்க முடியுமா, ஆய்வாளர் எந்த அதிகாரத்தில் படியேறுவார் என்ற கேள்விகளுக்கு விடை எழுதாமல் அந்தத் திருத்தம் நிற்காது. முதலாளியின் பொறுப்புகளை வீட்டார்மேல் எவ்வளவு சுமத்தலாம், அரசின் மேற்பார்வையை எவ்வளவு தூரம் வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்பவற்றைத்தான் குழுவும் முதலில் தீர்க்கச் சொல்லியிருக்கிறது.